"போல" உதிரும் இடம்: ஒரு திகில் கதையில் அணிமொழியை இனங்காணுதல்

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் சாதாரண தர மாணவர் சிலருக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்து வருகிறேன். ஒருமுறை எட்கர் அலன் போ எழுதிய "காட்டிக்கொடுக்கும் இதயம்" என்ற சிறுகதையின் பிரதியைக் கொடுத்து, அணிமொழி வரும் இடங்களுக்குக் கீழே கோடிட்டு வரும்படி சொன்னேன். அடுத்த வாரம் ஒரு மாணவி கொண்டுவந்த தாளில், கோடு இல்லாத வரியைத்தான் தேட வேண்டியிருந்தது. சுவருக்குள் வண்டு தட்டுவது உருவகம், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது உருவகம், பலகைக்கு அடியிலிருந்து இதயத் துடிப்புக் கேட்பதும் உருவகம். கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் கேட்டேன். "சேர், செத்த ஆளின்ட இதயம் உண்மையா அடிக்காதுதானே? அப்ப அது உருவகம்தானே?" என்றார்.

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையாக நடக்க முடியாத எதையும் உருவகம் என்று சொல்லிவிடுவது பேச்சு வழக்கில் மட்டுமல்ல, மதிப்புரைகளிலும் சாதாரணமாகிவிட்டது. திகில் கதைகளில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஏனெனில் அங்கே நடக்க முடியாதவைதான் கதையே. எனவே அணிமொழி எது, அணிமொழி போலத் தோன்றினாலும் அணிமொழி அல்லாதது எது என்பதை அடியிலிருந்து பார்ப்பது நல்லது.

பழக்கடையில் மூன்று கூற்றுகள்

சந்தையில் ஒரு பழக்கடைக்காரர், "இது மாம்பழமில்லை அம்மா, தேன்" என்கிறார். கையில் இருப்பது தேன் அல்ல என்பது அவருக்கும் தெரியும், வாங்க வந்தவருக்கும் தெரியும். தேனிடமிருந்து இனிப்பை மட்டும் இரவல் வாங்கி மாம்பழத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறார் என்பதை இருவரும் யோசிக்காமலே புரிந்துகொள்கிறார்கள். இதுதான் அணிமொழி: சொல்லின் நேர்ப்பொருள் உண்மையல்ல என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் அறிந்திருந்தே பரிமாறிக்கொள்ளும் கூற்று.

அதே கடைக்காரர் வேறு ஏதோ இனப் பழத்தைக் கையிலெடுத்து, "யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான்" என்று தெரிந்தே சொன்னால், நேர்ப்பொருள் உண்மையல்ல என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அது பொய். மொத்த வியாபாரி அவரை ஏமாற்றிவிட, அவரும் அதைக் கறுத்தக்கொழும்பான் என்று நம்பி விற்றுக்கொண்டிருக்க, பழத்தின் தோலைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு சாவகச்சேரிக்காரர் உண்மையைக் கண்டுகொண்டால், அங்கே நிலைமை தலைகீழாகிறது: கேட்பவருக்குத் தெரிகிறது, சொல்பவருக்குத் தெரியவில்லை. இதை இக்கட்டுரையில் மயக்கம் என்று அழைப்போம்.

ஆக, ஒரு கூற்று நேர்ப்பொருளில் உண்மையல்ல என்பதை மட்டும் வைத்து அதை அணி என்று முடிவு செய்ய முடியாது. அது உண்மையல்ல என்பது யாருக்குத் தெரியும் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கதைக்குள் போகலாம்.

கதை

போ 1809ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிறந்து, 1849ஆம் ஆண்டு பால்டிமோரில் இறந்தவர். இந்தக் கதை 1843 ஜனவரியில் "த பயனியர்" என்ற இதழில் வெளிவந்தது. ஒரே அமர்வில் வாசித்து முடிக்கக்கூடிய சிறிய கதை. பெயர் சொல்லாத ஒருவர், தனக்குப் பைத்தியம் இல்லை என்று நிறுவுவதற்காக, தான் செய்த கொலையை நிதானமாக விவரிக்கிறார். அவரோடு ஒரே வீட்டில் வாழும் முதியவர் அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. முதியவர் மீது அன்பு இருந்ததாகக்கூடச் சொல்கிறார். தொந்தரவு செய்தது அவருடைய கண்ணொன்றுதான். ஏழு இரவுகள் நள்ளிரவில் முதியவரின் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறார். கண் மூடியிருப்பதால் திரும்பிவிடுகிறார். எட்டாம் இரவில் கண் திறந்திருக்கிறது. கொன்று, உடலைத் தரைப் பலகைகளுக்கு அடியில் மறைக்கிறார். அதிகாலை நான்கு மணிக்குப் பொலிசார் மூவர் வருகிறார்கள். அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஓர் ஒலி கேட்கத் தொடங்குகிறது.

"போல" வந்தாலே உவமையாகிவிடாது

ஒன்றை வேறு இனத்தைச் சேர்ந்த இன்னொன்றோடு வெளிப்படையாக ஒப்பிடுவது உவமை. ஒப்பீட்டைக் காட்டும் சொல்லை உவம உருபு என்கிறோம். போல, புரைய, ஒப்ப, நிகர, அன்ன என்று நன்னூல் ஒரு பட்டியலே தருகிறது. பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர்கள் "போல" என்ற எழுத்துகளைக் கண்டதும் கோடிட்டுவிடுகிறார்கள். "மழை வரும் போல இருக்கு" என்பதில் ஒப்பீடு இல்லை, ஊகம்தான் இருக்கிறது. "அண்ணாவைப் போலத் தம்பியும் கெட்டிக்காரன்" என்பதில் ஒப்பீடு உண்டு. ஆனால் ஒரே வகையைச் சேர்ந்த இருவரை அளந்து பார்க்கும் சாதாரண ஒப்பீடு அது. தம்பியைத் தீப்பெட்டியோடு ஒப்பிட்டால்தான் அணி தொடங்குகிறது.

எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதற்குத் தொல்காப்பியத்தின் உவமவியல் நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. வினை என்பது செயல், பயன் என்பது விளைவு, மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். இந்த நான்கு சொற்களையும்விடப் பயன்மிக்க கருவி ஆங்கில இலக்கிய வழிகாட்டி நூல்களில் எனக்கு அகப்படவில்லை என்பதைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

கதையிலிருந்தே எடுத்துக்கொள்வோம். அறை தார் போலக் கறுத்திருந்தது என்கிறார் கதைசொல்லி. இது உரு உவமை. ஆங்கிலத்தில் தேய்ந்துபோன வழக்கும்கூட. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு இரவுகளைக் கொழும்பில் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இருட்டுக்குள் விளக்கின் மூடியைச் சிறிது திறக்கிறார். ஒரேயொரு மங்கலான கதிர், சிலந்தியின் நூல் போல, பாய்ந்து கண்ணின் மேல் விழுகிறது. முதற்பார்வைக்கு இது மெய் உவமை: நூலும் மெல்லியது, கதிரும் மெல்லியது. ஆனால் சிலந்தி நூலை எதற்காக விடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். வடிவத்துக்குப் பின்னால் வினை ஒளிந்திருக்கிறது; இருட்டின் ஒரு முனையில் பிடிப்பவர், மறுமுனையில் பிடிபடுபவர்.

முதியவரின் இதயத் துடிப்பைக் கேட்டபோது தன் ஆத்திரம் எப்படிப் பெருகியது என்பதற்கு, முரசொலி படைவீரனுக்கு வீரத்தை ஊட்டுவது போல என்கிறார். முரசுக்கும் இதயத்துக்கும் ஒலியில் ஒற்றுமை இருந்தாலும் ஒப்பீடு நிற்பது விளைவின் மேல்தான். எனவே இது பயன் உவமை. துடிப்பது பயந்துபோன ஒருவரின் இதயம். அந்தப் பயத்தின் ஒலியிலிருந்து இன்னொருவர் வீரத்தை உறிஞ்சுகிறார். கதையிலேயே மிகக் கொடூரமான ஒப்பீடு இதுதான் என்பது என் எண்ணம். கத்தியோ இரத்தமோ அதில் இல்லை.

கழுகின் கண்

முதியவரின் கண் கழுகின் கண்ணை ஒத்தது, வெளிறிய நீல நிறம், மேலே ஒரு படலம் என்று கதையின் தொடக்கத்திலேயே வருகிறது. தமிழ் வாசகர் இங்கே வழுக்கி விழ இடமுண்டு. நம் பேச்சில் "கழுகுப் பார்வை" என்றால் எதையும் தவறவிடாத கூர்மையான பார்வை. மாணவர்களில் பாதிப்பேர், முதியவர் எல்லாவற்றையும் கண்காணிக்கிறார் என்பதே உவமையின் பொருள் என்று எழுதியிருந்தார்கள். போ சொல்வது உயரத்திலிருந்து இரை தேடும் கழுகை அல்ல, பிணந்தின்னிக் கழுகை. இலங்கையில் அந்தப் பறவை நிலையாக வாழ்வதில்லை என்பதால் நமக்கு அதன் முகம் பழக்கமில்லை. தமிழிலும் இரண்டையும் "கழுகு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கூர்மை என்று வாசித்தால் படலம் விழுந்த கண் என்ற விவரம் பொருந்தாமல் நிற்கும்.

பிணந்தின்னிக் கழுகு என்று வைத்துக்கொண்டு நான்கு அடிப்படைகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். நிறமும் வடிவமும் கதைசொல்லி தரும் விவரத்தில் இருக்கின்றன. வினை? அந்தப் பறவையின் வினை, ஓர் உயிர் அடங்கும்வரை காத்திருப்பது. முதியவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, கட்டிலில் தூங்குகிறார். ஏழு இரவுகள் தலையை மட்டும் அறைக்குள் நீட்டி அசையாமல் காத்திருந்தவர் கதைசொல்லி. உவமையின் நிறம் முதியவருக்குப் பொருந்துகிறது, வினையோ சொல்பவருக்கே திரும்பிவருகிறது. அவர் அதை உணரவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், உவமையைக் கண்டுபிடிப்பது என்பது உருபைக் கண்டுபிடிப்பது அல்ல. எது எதோடு, எந்த அடிப்படையில் ஒப்பிடப்படுகிறது, அந்த அடிப்படை யாருக்கு உண்மையில் பொருந்துகிறது என்று மூன்று கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

உவமை உருவகமாக மாறுவது

உவமையையும் பொருளையும் வேற்றுமை நீக்கி, இரண்டும் ஒன்றே என்று சொல்வது உருவகம். "கண் கழுகின் கண்ணைப் போன்றது" என்பது உவமை. "அவருக்கு இருந்தது கழுகின் கண்" என்று ஒன்றாக்கிச் சொல்லிவிட்டால் உருவகம். உருபு உதிர்ந்துவிட்டது. பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் "போல" இருக்கும்வரை இரண்டு பொருள்களுக்கு நடுவே ஒரு வேலி இருக்கிறது. அது உதிர்ந்ததும் வேலியும் போய்விடுகிறது.

போவின் கதை இந்த நழுவலின் மேல்தான் ஓடுகிறது. தொடக்கத்தில் கண் கழுகின் கண்ணை ஒத்திருக்கிறது. சற்றுப் பின்னர் தன்னை வருத்தியது முதியவர் அல்ல, அவருடைய தீய கண்தான் என்கிறார். எட்டாம் இரவில் சிலந்தி நூல் போன்ற கதிர் விழுவது கழுகுக் கண்ணின் மேல். ஒத்தது என்ற சொல் அங்கே இல்லை. கதையின் பதிப்புகளுக்கு இடையிலேயே இந்த வேறுபாடு இருப்பது சுவையானது: சில பதிப்புகளில் முதல் வரி "அவருடைய கண்ணொன்று கழுகின் கண்ணை ஒத்திருந்தது" என்ற கருத்தில் அமைந்திருக்கிறது, வேறு சிலவற்றில் "அவருக்குக் கழுகின் கண் இருந்தது" என்றே இருக்கிறது. முன்னதில் உவமை, பின்னதில் உருவகம். மாணவர் இருவர் ஒரே வரிக்கு வெவ்வேறு விடை எழுதிவந்தால், முதலில் அவர்கள் எந்தப் பதிப்பை வாசித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

"தீய கண்" என்பது நமக்கு மிக நெருக்கமான இடம். கண்ணூறு என்ற நம்பிக்கையும், புதிதாகக் கட்டும் வீட்டின் முன்னால் வெருளியோ பூசணிக்காயோ கட்டும் வழக்கமும் கொழும்பிலும் இருக்கிறது. "ஆக்களின்ட கண் பொல்லாதது" என்று ஒரு பாட்டி சொன்னால் அவர் அணி பேசவில்லை, நம்பிக்கையைச் சொல்கிறார். கதைசொல்லி கண்ணை வருணிப்பதை விட்டுவிட்டு அஞ்சத் தொடங்கும் புள்ளி இதுவே.

மரணம் நடந்து வந்தது

உயிரற்ற ஒன்றுக்கோ கருத்துக்கோ மனிதச் செயலைக் கொடுப்பது மனிதப்பண்பேற்றம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இருட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் முதியவரைப் பற்றி, மரணம் தன் கரிய நிழலை முன்னே விட்டபடி அவரை நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டது என்கிறார் கதைசொல்லி. இதை இனங்காண்பதில் யாருக்கும் சிரமம் இருக்காது. இனங்கண்ட பிறகு கேட்க வேண்டியதுதான் முக்கியம்: அந்த அறையில் உண்மையில் நெருங்கி வந்தது யார்? மறைப்பு விளக்கோடு வாசலில் நிற்பவர் இவர்தான். மரணத்துக்குக் கால் கொடுத்ததன் மூலம் தன் கால்களை வாக்கியத்திலிருந்து அகற்றிவிட்டார்.

ஓர் இடைக்குறிப்பு. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கூறுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்பது அச்சுறுத்தும் தெய்வ சக்தி, இறை என்பது இங்கே தண்டிக்க வல்ல அரசன். இக்கதையில் நிழலோடு வரும் மரணத்தை அணங்காகவும், கழுகையும் சிலந்தியையும் விலங்காகவும், நள்ளிரவில் கதவைத் திறப்பவரைக் கள்வராகவும், பொலிசாரை இறையாகவும் கொண்டால் நான்கும் ஒரே வீட்டுக்குள் கூடிவிடுகின்றன. போ தொல்காப்பியம் படிக்கவில்லை. அச்சத்துக்கு வாசல்கள் அவ்வளவுதான் போலும்.

அணியாகத் தோன்றி அணியல்லாதவை

இருட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் முதியவரைப் போலவே தானும் இரவிரவாகச் சுவருக்குள் "சாவு மணிக்கூடுகளை" உற்றுக் கேட்டதுண்டு என்று கதைசொல்லி கூறும் ஒரு வரி வருகிறது. எல்லா மாணவரும் இதற்குக் கீழே கோடிட்டிருந்தார்கள். உண்மையில் அது ஒரு வண்டின் பெயர். பழைய மரங்களைத் துளைத்து வாழும் அந்த வண்டு, இணையை அழைப்பதற்காகத் தலையை மரத்தில் தட்டி டிக் டிக் என்று ஒலி எழுப்பும். அமைதியான வீட்டில் நோயாளிக்குக் காவலிருப்பவர்களுக்கு அது கேட்டதால், சாவுக்கு அறிகுறி என்று ஆங்கிலேயரிடையே நம்பிக்கை பிறந்தது. நம் வீட்டுச் சுவரில் பல்லி சொன்னால் பேச்சை நிறுத்திப் பலன் பார்ப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பெயருக்குள் பழைய உருவகம் ஒன்று உறைந்திருக்கிறது. ஆனால் வரியில் அது வண்டையே குறிக்கிறது.

முடிவுக்கு அருகில் "இன்னும் சத்தமாக! இன்னும் சத்தமாக! இன்னும் சத்தமாக! இன்னும் சத்தமாக!" என்று வருகிறது. இது அடுக்குத்தொடர். சொல்லின் பொருள் எங்கும் மாறவில்லை, வேகம்தான் மாறுகிறது. ஆகவே இது ஓசை உத்தி, அணிமொழி அல்ல. ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறைவரை அடுக்கும் என்று நன்னூல் எல்லை போடுகிறது. போ சரியாக நான்கில் நிறுத்தியிருக்கிறார்.

"இரத்தம் உறைந்தது" என்பதும் "மயிர்க்கூச்செறிந்தது" என்பதும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. முன்னது மரபுத்தொடராகிவிட்ட அணி; பயத்தில் இரத்தம் உறைவதில்லை. பின்னது நேர்ப்பொருளிலேயே உண்மை. பயந்தால் மயிர் சிலிர்க்கத்தான் செய்யும்.

பஞ்சில் சுற்றிய மணிக்கூடு

இக்கதையில் நேரம் எங்கும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. மணிக்கூட்டின் நிமிட முள்கூடத் தன் கையைவிட வேகமாக நகர்ந்தது என்கிறார் கதைசொல்லி, கதவை எவ்வளவு மெதுவாகத் திறந்தார் என்பதைக் காட்ட. ஆங்கிலத்தில் மணிக்கூட்டின் முள்ளுக்கும் மனிதனின் கைக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே ஒரு சிலேடை இருக்கிறது: கொலைகாரரின் கையும் மணிக்கூட்டின் கையும் ஒன்றாகின்றன. தமிழில் அது முள்ளாகிவிடுவதால் சிலேடை போய்விடுகிறது. மொழிபெயர்ப்பில் மட்டும் வாசிப்பவர்கள் இழப்பது இத்தகைய இடங்களைத்தான்.

பிறகு இதயத் துடிப்பு வருகிறது: தாழ்ந்த, மங்கிய, விரைவான ஒலி, பஞ்சில் பொதிந்த கைக்கடிகாரம் எழுப்புவதை ஒத்தது. இதை வகுப்பில் சோதித்துப் பார்த்தோம். சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைப் பஞ்சில் சுற்றி, காலி வீதி இரைச்சல் புகாதபடி யன்னல்களை மூடிவிட்டு, ஒவ்வொருவராகக் காதில் வைத்துக் கேட்டார்கள். உலோகத்தின் கூர்மையான டிக் ஒலி மறைந்துவிட்டது. ஏதோ ஒன்று உள்ளே இருந்து முட்டுவது போன்ற மொத்தமான அடி மட்டும் எஞ்சியது. ஒரு மாணவன் காதிலிருந்து அதை எடுத்துவிட்டுத் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தான். யாரும் அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சொல்பவருக்குத் தெரியுமா?

இப்போது பழக்கடைக் கேள்விக்குத் திரும்பலாம். கதையின் முதற்பத்தியில், வானத்திலும் பூமியிலும் உள்ள எல்லாவற்றையும் கேட்டேன், நரகத்தில் உள்ள பலவற்றையும் கேட்டேன் என்கிறார் கதைசொல்லி. வேறொருவர் இப்படிச் சொன்னால் உயர்வு நவிற்சி என்று எழுதிவிடலாம்; இருப்பதைவிடப் பெரிதாக்கிச் சொல்வதும், பெரிதாக்குகிறோம் என்பது சொல்பவருக்குத் தெரிந்திருப்பதும் அந்த அணியின் இலக்கணம். இவருக்கு அது தெரியவில்லை. தன் செவி அவ்வளவு கூர்மையானது என்பதற்குச் சான்றாகவே அதைத் தருகிறார். எழுத்தாளருக்கும் நமக்கும் தெரிகிறது. ஆகவே இது அணியல்ல, மயக்கம். எழுத்தாளர் வேறு, கதைசொல்லி வேறு என்பதை மறந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பலகைக்கு அடியிலிருந்து வரும் துடிப்பும் அப்படியே. வாசகர் அதைக் குற்றவுணர்வின் குறியீடு என்று கொள்ளலாம். குறியீடு என்பது கதைக்குள் உண்மையான பொருளாகவோ நிகழ்வாகவோ இருந்துகொண்டே, அதற்கு அப்பாலும் ஒன்றைச் சுட்டுவது. கதைத் தலைப்பிலேயே இதயத்துக்குக் கோள்சொல்லியின் வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த மனிதப்பண்பேற்றத்தைச் செய்தவர் போ. கதைசொல்லிக்கோ அது கேட்கிறது, அவ்வளவுதான்.

பொலிசார் முன்னிலையில் ஒலி தொடங்கும்போது அவர் மீண்டும் அதே உவமையைத்தான் சொல்கிறார்: பஞ்சில் பொதிந்த கைக்கடிகாரத்தின் ஒலியை ஒத்தது. அந்த நேரத்திலும் ஒப்பீட்டுச் சொல் இருக்கிறது. கேட்பதற்கும் அதற்குப் பெயரிடுவதற்கும் இடையே மயிரிழை அளவு தூரம் மிஞ்சியிருக்கிறது. பிறகு ஒலி உயர்கிறது, கதிரையைப் பலகையில் தேய்க்கிறார், பொலிசார் புன்னகையோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரியில் கத்துகிறார்: "பலகைகளைப் பிடுங்குங்கள்! இதோ, இங்கே! இது அவருடைய கொடிய இதயத்தின் துடிப்பு!" கடிகாரம் இல்லை, பஞ்சு இல்லை, ஒத்தது என்ற சொல்லும் இல்லை.

அந்த மாணவி கடைசி வரியின் கீழ் இருந்த கோட்டை அழித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி, கைக்கடிகாரம் வரும் இரண்டு இடங்களுக்கும் கோடிட்டார். கடைசி வரியின் ஓரத்தில் "உருவகம்" என்று எழுதியிருந்ததை வெட்டி, "இவர் நம்புகிறார்" என்று எழுதினார்.